எலும்பின் கணக்கை நாமே பார்ப்பது எப்படி?

எனக்கு 58 வயதானபோது, மழை விட்ட ஒரு காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. வைத்தியசாலையில் பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு வாரத்தில் கழற்றினார்கள். கையும் பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று அங்கு எவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, அரை வாளித் தண்ணீரைத் தூக்கக் குனிந்தபோது நடுமுதுகில் வலி பிடித்து, அதற்காக எடுத்த எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டு எலும்பொன்று நசுங்கியிருப்பது தெரிந்த பிறகே, ஒஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் இப்படிச் சிறிய விழுகையில் ஏற்படும் முறிவே இந்நோயின் முதல் அறிவிப்பு என்பதால், அப்படியொரு முறிவு உங்களுக்கு நேர்ந்திருந்தால், டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே “என் எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டுவிடுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் முழங்கால் வலிக்கும் “எலும்புத் தேய்மானம்” என்கிறோம், இதற்கும் அதையே சொல்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. அது வலித்துக்கொண்டே இருக்கும். எலும்பு நலிவிலோ எலும்பின் உட்புறம் அடர்த்தி குறைந்து வலுவிழக்கிறது. முறியும் வரை வலி இராது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே வைத்தியர் சொல்லும் நோயின் பெயரை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லி, வீட்டில் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலேயே எடுக்கக்கூடிய அளவுகள்

வைத்தியரிடம் போவதற்கு முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று உயரம். காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நின்று, தலையில் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து, சுவரில் கோடு போட்டு அளக்கச் சொல்லுங்கள். அதை ஒப்பிட இளமைக் கால உயரம் வேண்டுமே என்று நினைக்கலாம். கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் கொடுத்த அட்டையில் அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். என் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே கிடந்த மஞ்சளித்த அட்டையில் 152 சென்டிமீட்டர் என்றிருந்தது, இப்போது 147. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி கேட்பது நியாயம், ஏனெனில் முள்ளந்தண்டு முறிவுகளில் பெரும்பாலானவை அறியாமலே நடந்துவிடுகின்றன. ‘பாவாடை ஏனோ நீளமாகிவிட்டது’ என்று நான் இரண்டு வருடமாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றொன்று எடை. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென்று ஓஸ்டா என்றொரு எளிய கணக்கு உண்டு: கிலோவில் எடையிலிருந்து வயதைக் கழித்து, வருவதை 0.2 ஆல் பெருக்க வேண்டும். விடை மறை 4 ஐவிட (−4) கீழே போனால் ஆபத்து அதிகம். மறை 1 க்கும் மறை 4 க்கும் இடைப்பட்டால் நடுத்தரம். 64 வயதில் 42 கிலோ இருப்பவருக்கு மறை 4.4 வரும். ஆனால் இது யாரை எலும்பு அடர்த்தி ஸ்கானுக்கு அனுப்பலாம் என்று பார்க்கும் சல்லடைதானே தவிர நோய் நிர்ணயமன்று. முதுகெலும்பு நசுங்கிய 62 வயதில், 44 கிலோவோடு, எனக்கு வந்தது மறை 3.6, அதாவது நடுத்தரம். முறிவு ஏற்கனவே நடந்தவருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை.

வைத்தியரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டிய சில விடயங்கள் உண்டு, அவற்றை அவர் கேட்க நேரமிருக்காது. தொய்வுக்கோ (ஆஸ்துமா) மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்திருந்தால், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால் அல்லது சூலகங்களை அகற்றியிருந்தால், தாய்க்கோ தகப்பனுக்கோ இடுப்பு முறிந்திருந்தால், வலிப்புக்கோ தைரொயிட்டுக்கோ நெடுங்காலம் மருந்து குடித்திருந்தால், அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புகையும் அதிகமான சாராயமும் எலும்பைக் கெடுக்கும் என்பதால் ஆண்களும் இதில் தப்பியவர்களல்லர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008 இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற இணையக் கணிப்பான் இவை போன்ற கேள்விகளைக் கேட்டு, அடுத்த பத்து ஆண்டில் முறிவு ஏற்படும் வாய்ப்பை விழுக்காட்டில் சொல்லும். அதில் இலங்கைக்கெனத் தனிப் பிரிவு உண்டு, ஸ்கான் முடிவு இல்லாமலும் அதை நிரப்பலாம். பேரப்பிள்ளையின் கைபேசியில் பத்து நிமிட வேலை.

ஸ்கானும் அதை வாசிப்பதும்

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் எலும்பு அடர்த்தியை அளக்க முடியாது. அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களிலுள்ள பெரிய வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போய், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான் எங்கே எடுக்கலாம் என்று விசாரிக்க வேண்டும். பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் மார்பும் கர்ப்பப்பைக் கழுத்தும் பார்ப்பார்கள். அங்குள்ள வைத்தியரிடமும் எலும்பைப் பற்றிக் கேட்டுக் கடிதம் பெற முயலலாம். குதிகாலில் ஒரு கருவியை வைத்துப் பார்க்கும் இலவச முகாம்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. அவை சந்தேகத்தை எழுப்பலாமே தவிர, அந்த எண்ணை வைத்து மருந்து தொடங்குவது சரியன்று. இரத்தத்தில் கல்சியம் சரியாக இருக்கிறது என்ற அறிக்கையும் எலும்பு பலமாக இருக்கிறது என்று பொருள்படாது, ஏனெனில் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது இரத்தத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும்.

டெக்ஸா ஸ்கான் வலியற்றது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. அறிக்கையில் நீங்கள் தேட வேண்டியது டி-ஸ்கோர். அது உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடுகிறது: மறை 1 வரை சரி, மறை 1 க்கும் மறை 2.5 க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, மறை 2.5 உம் அதற்குக் கீழும் எலும்பு நலிவு. இந்த எல்லைகளை உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்தது. பக்கத்திலிருக்கும் இசட்-ஸ்கோர் உங்கள் வயதினரோடு ஒப்பிடுவது. அது நன்றாக இருக்கிறது என்று ஆறுதலடைய வேண்டாம். முதுகு, இடுப்பு என்று தனித்தனியே எண் வரும், குறைந்ததையே கணக்கில் எடுப்பார்கள். எனக்கு முதுகில் மறை 2.9, இடுப்பில் மறை 2.2. முதுகெலும்பில் மூட்டுத் தேய்வு இருந்தால் அங்குள்ள எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும் என்பதையும் கேட்டு வையுங்கள். இரண்டாவது ஸ்கானை, முடிந்தால், அதே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் என் அம்மா ஒரு நாளும் நகர்ந்ததில்லை. கணக்கப்பிள்ளை கழித்த கிலோவை முகத்துக்கு நேரே கேட்பார். ஸ்கான் அறிக்கையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மாத்திரையும் தேத்தண்ணியும்

வாரத்துக்கு ஒருமுறை குடிக்கும் 70 மில்லிகிராம் அலன்ட்ரோனேட் மாத்திரையே பலருக்கு முதலில் எழுதப்படுவது, அதைக் குடிக்கும் முறையில்தான் நம் மக்கள் தவறுகிறார்கள். எழுந்தவுடன் சாயத்தண்ணி குடிக்காமல் நமக்குக் கண் திறக்காது. ஆனால் இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு பெரிய கோப்பை வெறும் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். தேத்தண்ணியோ பாலோ கல்சியம் மாத்திரையோ சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. அதன் பின் அரை மணி நேரம் படுக்கவோ குனியவோ கூடாது, ஏனெனில் மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு விழுங்கிவிட்டு இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து, ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்களும் விழுங்கச் சிரமப்படுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் பல் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டளவில் தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். தொடையில் புதிதாக வலி வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால், பஸ் இல்லை, மழை என்று தள்ளிப்போடவே கூடாது. விட்டுவிட்டால் முள்ளந்தண்டு முறிவுகள் அடுத்தடுத்து வரக்கூடும்.

கல்சியம் மாத்திரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் என்றால் அதிலுள்ள கல்சியம் ஏறத்தாழ 39 மில்லிகிராம்தான். 1250 மில்லிகிராம் கல்சியம் கார்பனேட்டிலோ 500 இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 வரை தேவைப்படுவதால், மிச்சத்தைச் சாப்பாட்டில்தான் தேட வேண்டும்: ஒரு தம்ளர் பாலில் 240 அளவில், 100 கிராம் குரக்கன் மாவில் 300 க்கு மேல், அதோடு முள்ளோடு மெல்லும் நெத்தலிக் கருவாடு, எள், முருங்கைக் கீரை. கோதுமை மா ரொட்டியில் பாதி குரக்கன் கலந்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பழகிவிடும். விற்றமின் டி வெயிலில் கிடைப்பது. கொழுந்து மலையில் ஆயுள் முழுக்க நின்றவர்கூட ஓய்வுக்குப் பின் மூடுபனியிலும் இருட்டுக் காம்பராவிலும் அடைந்துகிடந்தால் குறைந்துபோகும் என்பதால், அதைப் பரிசோதிக்க வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள்.

விழாமல் இருப்பது

மருந்தைப் போலவே விழுகையைத் தடுப்பதும் சிகிச்சைதான். பீலியடிக் கல்லில் பாசியை வாரத்துக்கொருமுறை தேய்த்துவிடச் சொல்லுங்கள். லயத்துப் படிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலையாவது கைப்பிடியாகக் கட்டுங்கள். இரவில் வெளிக் கக்கூசுக்குப் போக டோர்ச்சைத் தலைமாட்டில் வையுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரச் சரிவில் இறங்க வேண்டாம். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது. நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி மட்டும் வேண்டாம். எதையும் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். வாளி என்றால் பாதி. விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். அவரைத் தோளில் தூக்கிச் சரிவில் இறக்காமல், கால்களை அசையவிடாமல் படுக்கவைத்து, கம்பிளியால் போர்த்தி, 1990 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், வண்டி எதுவரை வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒரு பையனைத் தார் ரோட்டுச் சந்தியில் நிற்க அனுப்புங்கள்.