செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு அடிமணல் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீன்தொட்டியின் விளக்கையும் வடிகட்டியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அடியில் பரப்பிய மணலை மாற்றுவதென்றால் செடி, மீன், தண்ணீர் என அனைத்தையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே மணலின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், எந்தச் செடிகளை வளர்க்கப்போகிறோம், நம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, எவ்வளவு என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி வகைகள் ஆகியவை மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டிவைத்தாலே வளர்பவை. முதல் இரண்டின் கிழங்குத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அது அழுகிவிடும். இவற்றை மட்டும் வைப்பவர் விலையுயர்ந்த சத்து மண்ணை வாங்குவது வீண் செலவு. கிரிப்டோகொரைன், அமேசான் ஸ்வோர்ட் போன்றவையோ வேர் வழியாகப் பெருமளவு உணவு எடுப்பவை. இவற்றுக்குத்தான் அடிமண் முக்கியம்.

கிராவல் எனப்படும் சாதாரணச் சிறு கூழாங்கற்களிலும் மணலிலும் சத்து இல்லை. ஆயினும், உர மாத்திரைகளைச் செடிகளின் வேருக்கருகே புதைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துவந்தால் ஸ்வோர்ட் செடிகூட அதில் செழித்து வளரும். கிராவல் கற்களின் பருமன் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. அதைவிடப் பெரிய கற்களின் இடுக்குகளில் கழிவு தேங்கும், சிறிய செடிகள் பிடிமானமின்றி மிதந்து வெளிவரும். மிக நைசான மணலை ஆழமாகப் பரப்பினால் அது இறுகிப்போய், ஆக்சிஜன் எட்டாத அடிப்பகுதியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகலாம். கோரிடோரஸ் போல அடியைக் கிளறி உண்ணும் மீன்கள் இருந்தால், அவற்றின் மீசை தேயாதபடி, கூர்முனையற்ற வழவழப்பான மணலே ஏற்றது.

வாங்கிய கிராவலில் ஒரு பிடி எடுத்து, உலர்ந்த நிலையில் சில துளி வினிகரை விட்டு, உற்றுப் பாருங்கள். நுரைத்தாலோ சிறு குமிழிகள் எழுந்தாலோ அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று பொருள். பவளத் துகளும் கிளிஞ்சல் துகளும் கலந்த மணல் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் உயர்த்திக்கொண்டே இருக்கும் என்பதால் பெரும்பாலான செடித்தொட்டிகளுக்கு உதவாது.

அக்வா சாயில் எனப்படும் மண் உருண்டைகள் சத்தைத் தம்மிடம் பிடித்துவைத்து வேருக்குத் தருவதோடு, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் குறைக்கின்றன. மென்மையான நீரை விரும்பும் செடிகளுக்கும் கரிடினா இறால்களுக்கும் இது பெரிய வரம். ஆனால் கடினமான நீரை வாரந்தோறும் மாற்றி ஊற்றுபவரின் தொட்டியில் அந்த ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடும். நீரை மென்மையாக்கும் என்று நம்பி அதற்கென்றே அவர் இதை வாங்குவதில் அர்த்தமில்லை. உருண்டைகள் காலப்போக்கில் உடைந்து சேறாகும் என்பதையும், அடிக்கடி செடிகளைப் பிடுங்கி நடுபவருக்கு அது இன்னும் சீக்கிரம் நிகழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தோட்ட மண்ணைப் பரப்பி மேலே மணலால் மூடும் முறை மலிவானது, பலனும் தருவது; செடிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் ஒத்துவராது.

எவ்வளவு தேவை என்பதை, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்து லிட்டரில் அறியலாம். 60-க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியில் 6 சென்டிமீட்டர் உயரம் பரப்ப 10.8 லிட்டர் வேண்டும். முன்பக்கம் 4, பின்பக்கம் 8 என்று சரிவாக அமைத்தாலும் இதே அளவு போதும். பார்வைக்கும் ஆழம் கூடும்.

கிராவலையும் மணலையும் கலங்கல் நீங்கும்வரை கழுவ வேண்டும், அக்வா சாயிலைக் கழுவவே கூடாது. பரப்பிய மண்ணின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெல்லத் தண்ணீர் ஊற்றினால் சரிவு கலையாது. புதிய அக்வா சாயில்களில் பல முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடும். இக்காலத்தில் தண்ணீரை அடிக்கடி மாற்றி, பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை விட வேண்டும்.