லினக்ஸ் மின்ட்டில் டெஸ்க்டாப் மாற்றுவதும் பிபிஏ சேர்ப்பதும்

2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கம் பல வீடுகளில் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. 2 ஜிபி ராம் உள்ள ஒன்றில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை அதன் சின்னமன் டெஸ்க்டாப்போடு (திரையில் தெரியும் மெனு, பலகை எல்லாம் சேர்ந்த இடைமுகம்) போட்டுவிட்டு, ஊர்ந்து போகிறதே என்று நொந்துகொள்பவர்களுக்கு இது.

முதலில் ஒன்று: டெஸ்க்டாப் மாற்ற பிபிஏ (மின்ட்டுக்கு வெளியே பிறர் நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) தேவையே இல்லை. சின்னமனைவிட இலகுவான எக்ஸ்எப்சிஇ டெஸ்க்டாப் மின்ட்டின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது.

தொடங்கும் முன் மின்ட்டிலுள்ள டைம்ஷிப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் (கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் நகல்) எடுங்கள். வெளி வட்டில் எடுப்பதானால் அது எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸில் பார்மட் செய்த பென்டிரைவை டைம்ஷிப்ட் ஏற்காது. உங்கள் போட்டோக்களும் கோப்புகளும் வழக்கமாக இதில் சேராது, அவற்றைத் தனியே நகலெடுங்கள். பேட்டரி போன மடிக்கணினியானால் மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இனி டெஸ்க்டாப். சினாப்டிக் (மென்பொருள் நிறுவும் கருவி) திறந்து ‘மின்ட்-மெட்டா-எக்ஸ்எப்சிஇ’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பெட்டியில் டிக் வைத்து அப்ளை அழுத்தினால், எவ்வளவு டவுன்லோடு என்று ஒரு சுருக்கம் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் அன்றைய டேட்டா மிச்சத்தோடு அதை ஒப்பிட்டுவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் லாக்அவுட் செய்து, உள்நுழைவுத் திரையில் உங்கள் பெயருக்கு அருகிலுள்ள சின்ன வட்ட ஐகானை அழுத்தி எக்ஸ்எப்சிஇ செஷனைத் தேர்ந்தெடுங்கள். பலர் தவறவிடுவது இந்த ஐகானைத்தான். பழைய சின்னமனே திரும்ப வந்ததும் ‘ஏறவில்லை’ என்று மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள்.

சின்னமனில் சேர்த்த தமிழ் விசைப்பலகை இங்கே தெரியாமல் போகலாம். செட்டிங்ஸ், கீபோர்டு, லேஅவுட் போய் ‘யூஸ் சிஸ்டம் டீபால்ட்ஸ்’ என்பதை அணைத்த பிறகுதான் புதிதாகச் சேர்க்க முடியும். இன்னொன்று, பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த டெஸ்க்டாப்பும் காப்பாற்றாது. அதற்கு ராம்தான் கூட்ட வேண்டும்.

பிபிஏ எப்போது வேண்டும்? ஒரே ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு கட்டாயம் தேவைப்படும்போது மட்டும். லிப்ரெஆபிஸை எடுத்துக்கொள்வோம். பிபிஏக்கள் இருக்கும் லாஞ்ச்பேட் தளத்தில் அதன் பிபிஏவின் பக்கத்தில் ‘நோபிள்’ பதிப்புக்குப் பொதி (நிறுவல் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். மின்ட் 22 உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் மேல் நிற்கிறது, அதன் பெயர்தான் நோபிள். வில்மா, ஜியா போன்ற மின்ட் பெயர்களை அங்கே தேடினால் கிடைக்காது.

சாப்ட்வேர் சோர்சஸ், பிபிஏஸ், ஆட் அழுத்தி, ஆங்கிலச் சிற்றெழுத்தில் பிபிஏ, முக்காற்புள்ளி, லிப்ரெஆபிஸ், சாய்கோடு, பிபிஏ என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். பிறகு கேஷ் (பொதிகளின் பட்டியல்) புதுப்பிக்கக் கேட்கும், செய்யுங்கள். ‘ரிலீஸ் பைல் இல்லை’ என்று பிழை வந்தால் அந்த பிபிஏவில் நோபிளுக்கு எதுவும் இல்லை, நீக்கிவிடுங்கள். டவுன்லோடு மெதுவாக இருந்தால் மிரர் (பொதிகளின் நகல் வைத்திருக்கும் சர்வர்) மாற்றிப் பயனில்லை. பிபிஏ லாஞ்ச்பேட் சர்வரிலிருந்து மட்டுமே வரும்.

முன்பின் தெரியாதவரின் பிபிஏவைச் சேர்ப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதன் பொதிகள் நிறுவப்படும்போது ரூட் அதிகாரத்தோடு (சிஸ்டத்தில் எதையும் மாற்றும் அனுமதியோடு) ஓடும், அடுத்த அப்டேட்டிலும் அப்படியே.

பிபிஏவை நீக்கினாலும் அதிலிருந்து வந்த பொதிகள் அப்படியே இருக்கும். சாப்ட்வேர் சோர்சஸ், மெயின்டனன்ஸ் போய் ‘டவுன்கிரேட் பாரின் பேக்கேஜஸ்’ அழுத்தினால் மின்ட்டின் பதிப்புக்குத் திரும்பலாம். வரும் பட்டியலைப் படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

பாதியில் கரண்ட் போய், ‘டிபிகேஜி இன்டரப்டட்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஓட்ட வேண்டிய கட்டளை அந்தச் செய்தியிலேயே இருக்கும். டெர்மினலில் அதை ஓர் எழுத்து மாறாமல் அடித்து என்டர் தட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.