குனிந்தாலே ஓடிய நாய்: வயல் எலி வேட்டைக்குப் பழக்கிய அனுபவம்

அறுவடை முடிந்த நெல் வயலில் வரப்பு எலி அடிக்க, உண்டிவில்லோடு ஒரு வயது நாட்டு நாயைக் கூட்டிப்போனேன். வளையைச் சரியாக மோந்து தோண்டும். எலி பாயும் நேரத்தில் மட்டும் 20 அடி தள்ளி நிற்கும்.

ரப்பர் ‘சட்’டென்று அடிக்கும் சத்தம்தான் காரணம் என்று நினைத்து, மெல்லிய ரப்பருக்கு மாற்றினேன். பலனில்லை. கயிற்றில் பிடித்தேன், படுத்துவிட்டது. பட்டினியோடு கூட்டிப்போனதும் வீண். 5 நாள் போயிற்று.

ஆறாம் நாள்தான் கண்ணில் பட்டது: நான் ரப்பரை இழுக்கும் முன்பே, கல் எடுக்கக் குனியும்போதே அதன் காது பின்னால் மடிந்தது, வால் இறங்கியது. தெருவில் வளர்ந்த நாய். மனிதன் குனிந்தால் கல்லடி என்பதே அது கற்றிருந்த பாடம்.

கல் பொறுக்குவதை விட்டேன். களிமண்ணைக் கோலியைவிடச் சிறிதாக உருட்டி, 2 நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவைத்து இடுப்புப் பையில் வைத்தேன். ஈரத்தோடு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். கூடவே தினமும் 3 வேளை, வேளைக்கு 10 முறை குனிந்து, தரையில் கருவாட்டுத் துண்டு போட்டேன். 8 நாளில், குனிந்தாலே பக்கத்தில் ஓடி வந்தது. அதன்பிறகே உண்டிவில்லைக் காட்டினேன். முதலில் இழுத்து, விடாமல் மெல்லத் தளர்த்துவது மட்டும்.

நாய் தேர்ந்தெடுக்கும்போதே அதன் முன் சட்டென்று குனிந்து பாருங்கள். எலிமருந்து வைத்த வயலுக்கு அதைக் கூட்டிப்போகவே கூடாது. விஷம் தின்று செத்த எலியைக் கவ்வினால் நாயும் செத்துப்போகலாம்.