ஆற்றுத் தக்கைத் தூண்டிலுக்கு நரம்பு வாங்கும்போது

"என்ன நரம்பு போட்டிருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பத்துக் கிலோ தாங்கும்ங்க" என்பதுதான். தாங்கட்டும். ஓடுகிற தண்ணீரில் தக்கை விட்டுப் பிடிப்பவரிடம் நான் கேட்க நினைப்பது வேறு: அது மிதக்குமா, முழுகுமா?

எனக்குத் தூண்டில் பழக்கிவிட்ட மாமா ரீல் வைத்ததே இல்லை. நீளக் கம்பு, அதன் நுனியில் நரம்பு, நுனிக்கு நேர் கீழே தக்கை. நரம்பு தண்ணீரில் படுக்கவே படுக்காது. அதனால் என்ன நரம்பு என்று அவர் யோசித்ததும் இல்லை. நான் ரீல் வாங்கி, தக்கையை நீரோட்டத்தோடு இருபது மீட்டர் போகவிட ஆரம்பித்த பிறகுதான் தொல்லை வந்தது.

கம்பு நுனிக்கும் தக்கைக்கும் நடுவே அத்தனை நீள நரம்பு தண்ணீர்மேல் கிடக்கிறது. ஓட்டம் எல்லா இடத்திலும் ஒரே வேகம் கிடையாது. நடு ஆற்றில் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் ஓடும். கொஞ்ச நேரத்தில் நரம்பு வில்லாக வளைந்துவிடும். அந்த வளைவு தக்கையைப் பக்கவாட்டில் இழுக்கும், கீழே இரையும் இயல்புக்கு மாறாக நகரும். மீன் கொத்தியதும் சுண்டினால், முதலில் வளைவுதான் நிமிரும். அது நிமிர்வதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விடும்.

இதற்கு மருந்து, கம்பை உயர்த்தி நரம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஓட்டம் வரும் பக்கமாகத் திருப்பிப் படுக்கப்போடுவது. மிதக்கிற நரம்பு என்றால் தக்கை அசையாமல் இதைச் செய்துவிடலாம். முழுகின நரம்பைத் தூக்கினால் தக்கையும் சேர்ந்து இழுபடும். நான் சொல்வது மொத்தமும் இந்த ஒரு காரியத்தை வைத்துத்தான்.

ஒரு முறை "மீன் கண்ணுக்கே தெரியாது" என்ற பேச்சை நம்பி ரீல் முழுக்க ஃப்ளூரோகார்பன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் நரம்பைச் சுற்றினேன். தண்ணீரைவிட முக்கால் பங்கு கூடுதல் அடர்த்தி அதற்கு, 1.78 அளவில் வரும். வீசின கையோடு முழுகிவிடும். ஒவ்வொரு முறை நரம்பைத் திருத்தும்போதும் தக்கை தலைசாய்ந்து என்னை நோக்கி வந்தது. கம்பைக் குறை சொன்னேன், தக்கையை மாற்றினேன். நரம்புதான் காரணம் என்று புரியவே பல நாள் ஆயிற்று.

சாதாரண நைலானும் தண்ணீரைவிடக் கனம்தான், ஆனால் 1.14 தான். அந்தச் சின்ன வித்தியாசத்தை நீர்ப்பரப்பு தாங்கிக்கொள்ளும். வீட்டிலேயே பார்க்கலாம். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு சாண் நரம்பை மெதுவாகப் படுக்க வையுங்கள். நரம்பின் இரண்டு பக்கமும் தண்ணீர் மெல்லிய பள்ளமாக அமுங்கி நிற்பது வெளிச்சத்தில் தெரியும். இப்போது பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள், நரம்பு சட்டென்று அடிக்குப் போகும். காற்றடிக்கிற ஏரியில் பிடிப்பவர்கள் நரம்பை முழுகவைக்க வேண்டுமென்றே சோப்பு தடவுவதும் இதனால்தான். நமக்கு வேண்டியது நேர் எதிர். தக்கைக்கு மேலே உள்ள நரம்பில் மிதக்கவைக்கும் சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும். தக்கைக்குக் கீழே தடவவே கூடாது.

பின்னல் நரம்பு? அதன் அடர்த்தி 0.97, எதுவும் தடவாமலே மிதக்கும். நீளவும் நீளாது, சுண்டினால் உடனே தூண்டில் முள் மீன் வாயில் ஏறும். இவ்வளவு இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. லேசான காற்றுக்கே பறக்கிறது, தக்கையின் அடியைச் சுற்றிக்கொள்கிறது, ஈயக்குண்டு வழுக்குகிறது, பாறை விளிம்பில் பட்டால் அறுந்துபோகிறது. பொறுமை உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம்.

தடிமனுக்கு வருவோம். உள்ளங்கை அளவு மீன்களுக்கு ரீலில் 0.16 முதல் 0.18 மில்லிமீட்டர் போதும். கனத்த மீனும் வேரும் பாறையும் உள்ள இடத்தில் 0.22, 0.25 வரை போகலாம். 0.18-க்கும் 0.25-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தத் தடிப்பை ஓட்டமும் காற்றும் பிடித்து இழுக்கும். அட்டையில் போட்டிருக்கும் கிலோவைவிட இந்த மில்லிமீட்டரைப் பாருங்கள். நைலான் தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும். அட்டைக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

முள்ளோடு சேரும் கடைசி 30, 40 சென்டிமீட்டர் எப்போதும் ஒரு படி மெல்லியதாக இருக்க வேண்டும். 0.18 என்றால் கீழே 0.14. வேரில் சிக்கினால் முள் மட்டும் போகும், தக்கை திரும்பி வரும். ஃப்ளூரோகார்பனுக்கு ஏற்ற இடம் இதுதான். ஒளி அதனுள் வளைவது நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமாக இருக்கும், 1.42, தண்ணீருக்கு 1.33. மேலே உள்ள நரம்பு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் எதைத் திருத்துவது? வெளிர்மஞ்சள் எனக்கு வசதி.

கடையில் ஒரு முழம் உருவித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங்போலச் சுருண்டே நின்றால் திருப்பி வைத்துவிடுங்கள். அந்தச் சுருள், கம்பில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்திலும் உரசித் தக்கையைத் தாராளமாகப் போகவிடாது. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் கிடந்த சுருளையும் தொடாதீர்கள். வெயில் நைலானைக் கெடுக்கும். ரீலில் சுற்றும்போது ஈரத் துணியால் பிடித்து, விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அடியில் பழைய நரம்பையே சுற்றிக்கொள்ளலாம், மேலே நூறு மீட்டர் புதியது போதும்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவ மறக்காதீர்கள். காய்ந்த நரம்பு உரசினால் சூடாகி அங்கேயே பலம் போய்விடும். ஈயக்குண்டை விரலால் அமுக்குங்கள், பல்லால் கடிக்க வேண்டாம்; ஈயம் வாய்க்குள் போவது நல்லதில்லை, அழுத்தம் கூடினால் நரம்பும் நசுங்கும்.

அறுந்தால் நுனியைப் பாருங்கள். பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. மறுபடி கட்டினால் போதும். நேராக, சொரசொரப்பாக இருந்தால் நரம்பு எங்கோ உரசியிருக்கிறது. தக்கையிலிருந்து மேலே இரண்டு மீட்டரை உதட்டில் வைத்து மெல்ல இழுங்கள். விரலுக்குத் தெரியாத கீறலும் உதட்டுக்குத் தெரியும். கீறல் உள்ள இடம் வரை வெட்டி, அந்தத் துண்டைச் சின்னச் சின்னதாக நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் விட்டால் பறவைக் காலில் சிக்கும்.