பழைய கருமருந்து ரைஃபிளுக்குப் பொருத்தமான குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துப்பாக்கியின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குண்டு வாங்காதீர்கள். .577/450 மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் பெயரில் 450 இருக்கிறது; ஆனால் குண்டைச் சுழற்ற அதன் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களைப் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.460 அங்குலத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காலத்துக் குழல்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. போதாததற்கு நூற்றாண்டுத் தேய்மானமும் துருவும் சேர்ந்திருக்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் குழலை அளப்பதுதான் முதல் வேலை. அதற்கும் முன், துப்பாக்கி சுடத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பழைய துப்பாக்கிகள் தெரிந்த கம்மியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பின்புறம் திறக்கும் ரைஃபிள் என்றால் அளப்பது எளிது. உள்ளே எதுவும் அடைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலைத் துடைத்து லேசாக எண்ணெய் பூசுங்கள். பள்ள விட்டத்தைவிடச் சற்றே பெரிய, கலப்பில்லாத ஈயக் கட்டியை ஒரு முனையில் வைத்து, பித்தளைக் கோலால் மெல்லத் தட்டி மறுமுனைவரை தள்ளுங்கள். கையில் படும் எதிர்ப்பைக் கவனியுங்கள்: நடுவில் ஓரிடத்தில் கட்டி திடீரென்று இலகுவாக நகர்ந்தால் அங்கே குழல் தேய்ந்திருக்கிறது அல்லது புடைத்திருக்கிறது. வெளியே வந்த கட்டியில் உயர்ந்து நிற்கும் வரிகள்தாம் குழலின் பள்ளங்கள். அவற்றின் குறுக்கே மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பள்ளங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாற்றிவிடும்; ஒரு வரிக்கு நேர் எதிரே வரி இருக்காது, அளவு குறைந்தே காட்டும். 3 பள்ளத்துக்கு 60 பாகை, 5 பள்ளத்துக்கு 108 பாகை கொண்ட வி-வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் தேவை.

குழல் வாய்வழி அடைக்கும் ரைஃபிளில் பள்ளத்தைவிட, பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான அளவே முக்கியம். துல்லியமான விட்டமுள்ள அளவு ஊசிகளை வாயில் நுழைத்துப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது முறுக்கு, அதாவது பள்ளங்கள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம். இறுக்கமான துணி சுற்றிய, தானாகச் சுழலும் கைப்பிடிக் கோலை உள்ளே தள்ளுங்கள். கால் சுற்றுக்கு 18 அங்குலம் போனால் முழுச் சுற்றுக்கு 72 அங்குலம். இவ்வளவு மெதுவான முறுக்கு உருண்டைக் குண்டுக்கும், சுடும்போது அடி விரிந்து குழலைப் பிடிக்கும் மினியே குண்டுக்கும் உரியது. நீளமான திடக் குண்டு எவ்வளவு நீளம் போகலாம் என்பதற்கு கிரீன்ஹில் சூத்திரம் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, முறுக்கால் வகுக்க வேண்டும். 22 அங்குல முறுக்குள்ள .45-70 ரைஃபிளில் 0.458 விட்டக் குண்டுக்கு ஏறத்தாழ 1.43 அங்குலம் வரும். அதற்கு மேல் நீண்டால் குண்டு தள்ளாடி, இலக்குத் தாளில் பக்கவாட்டில் சாவித்துளைபோல் கிழிக்கும். மினியே குண்டின் அடி குழிவானது, எடை முன்னால் குவிகிறது. அதனால் இந்தக் கணக்கு காட்டும் நீளத்தைத் தாண்டியும் அது நேராகப் பறக்கும்.

இனி விட்டம். பின்புறம் அடைக்கும் ரைஃபிளுக்குப் பள்ள அளவுக்குச் சமமாகவோ 0.001 முதல் 0.003 அங்குலம் கூடுதலாகவோ எடுங்கள். கூடுதல் அளவில் தோட்டா அறைக்குள் நுழையாவிட்டால், திணிக்காதீர்கள்; குண்டைச் சற்றுச் சிறிதாக்கி, ஈயத்தையும் மென்மையாக்குங்கள். கருமருந்தின் உந்துதலே மென்மையான குண்டைப் பின்னாலிருந்து நசுக்கிப் பள்ளங்களை நிரப்ப வைக்கும். மினியே குண்டு மேட்டளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் குறைவாக இருந்தால் சரி. துணி சுற்றும் உருண்டைக்கு மேட்டளவில் 0.010 குறைத்து, 0.015 தடிமனுள்ள நெருக்கமான பருத்தித் துணியோடு தொடங்கலாம்.

உலோகத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மினியே குண்டுக்குக் கலப்பில்லாத ஈயம் மட்டுமே. கடின ஈயத்தில் அதன் அடிப்பாவாடை, அதாவது அடிக்குழிவைச் சுற்றிய சுவர், விரியாது. வாயு கசிந்து குறி சிதறும். பின்புறம் அடைப்பவற்றுக்கு 20 முதல் 30 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் நன்றாக வேலை செய்யும். செம்பு உறையிட்ட இன்றைய குண்டுகளைத் தொடவே தொடாதீர்கள். அவை குறைந்த அழுத்தத்தில் விரிவதில்லை, பழைய மென்மையான குழலையும் அரித்துவிடும்.

கருமருந்து எரிந்தபின் பாதிக்கும் மேல் திடக் கசடாகவே மிஞ்சுகிறது. அதை இளக்கி வைக்க மசகு வேண்டும். ஆகவே குண்டின் மசகுப் பள்ளங்கள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். இன்றைய புகையற்ற மருந்துக்கென வடிவமைத்த குண்டுகளில் அவை போதாது. தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த மசகு நல்லது. பெட்ரோலிய மசகு கசடோடு சேர்ந்து தார்போல் ஒட்டிக்கொள்கிறது.

வார்த்த குண்டுகளை எடை போடுங்கள். சராசரிக்குக் கணிசமாகக் குறைந்தவற்றில் உள்ளே காற்றுக்குழி இருக்கலாம்; திரும்ப உருக்கிவிடுங்கள். உருகிய ஈயத்தில் ஈரம் பட்டால் வெடித்துத் தெறிக்கும். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து குண்டு வார்த்தெடுங்கள்.

அடைக்கும்போது குண்டு மருந்தின் மேல் இறுகப் படிய வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழலில் வளையமாகப் புடைப்பு வரும், குழல் வெடிக்கவும் கூடும். புகையற்ற மருந்தை எந்த அளவிலும் போடாதீர்கள்.

சுட்டபின் குழலில் ஈயம் கோடுகோடாக ஒட்டியிருந்தால் குண்டு சிறிது அல்லது மசகு குறைவு. வாய்க்கு அருகே மட்டும் கசடு காய்ந்து கிடந்தால் மசகு அங்கு எட்டும் முன்பே தீர்ந்துவிடுகிறது. பெரிய பள்ளமுள்ள குண்டுக்கு மாறுங்கள். மினியேயின் அடிப்பாவாடை கிழிந்தோ மணிபோல் விரிந்தோ மீண்டால், மருந்தைக் குறையுங்கள் அல்லது தடித்த பாவாடையுள்ள அச்சைத் தேடுங்கள்.