இரட்டை உப்பா, அணைவு உப்பா? இரும்பை வைத்தே கண்டுபிடிக்கலாம்

மேட்டூர் திறந்து காவிரியில் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது, குடத்துக்குள் படிகாரத்தைச் சுழற்றித் தெளிய வைப்பது நம் டெல்டா வீடுகளின் பழைய வழக்கம். படிகாரம் ஓர் இரட்டை உப்பு. கரைந்ததும் பொட்டாசியம், அலுமினியம், சல்ஃபேட் அயனிகளாகப் பிரிந்துவிடும். அப்படி அலுமினியம் வெளியே வருவதால்தான் வண்டல் திரண்டு அடியில் படிகிறது. அணைவு உப்பில் மைய உலோகம் ஈனிகளின் (அதைச் சுற்றி ஒட்டிப் பிணைந்திருக்கும் அயனிகள் அல்லது மூலக்கூறுகளின்) பிடியிலேயே இருக்கும், கரைந்தாலும் வெளியே வராது.

சோதனைக்கு என் தேர்வு இரட்டை உப்பான மோர் உப்பும் (Mohr's salt, ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) அணைவு உப்பான பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும்தான். இரண்டிலும் இருப்பது ஒரே ஃபெரஸ் (Fe²⁺) இரும்பு. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

முதலில் இரண்டையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் கரையுங்கள். மோர் உப்பில் மட்டும் நீர்த்த சல்ஃபூரிக் அமிலம் ஓரிரு சொட்டு விடுங்கள், இரும்பு சீக்கிரம் பழுப்பாகாது. ஃபெர்ரோசயனைடில் அமிலம் வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து சூடானால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயு வரும்.

அடுத்து இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பலர் தடுமாறுவது இங்கேதான். மோர் உப்பில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, வீழ்படிவு (கரையாமல் பிரியும் திடப்பொருள்) இல்லை, அதனால் இது அணைவு உப்பு என்று எழுதிவிடுகிறார்கள். நாம் ஊற்றிய அமிலம் முதலில் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். சிவப்பு லிட்மஸ் நீலமாகும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். அழுக்குப் பச்சையில் வீழ்படிவு வரும், வைத்திருந்தால் பழுப்பாகும். லேசாகச் சூடாக்கினால் அம்மோனியா நெடி அடிக்கும். ஃபெர்ரோசயனைடில் எவ்வளவு விட்டாலும் வீழ்படிவு வராது. அதில் புதிதாக இன்னொரு பங்கு எடுத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள், அடர்நீலம் வரும். ஃபெர்ரோசயனைடு அயனி உடையாமல் முழுசாக இருப்பதன் அடையாளம் அது.

சல்ஃபேட்டையும் பேரியம் குளோரைடால் பார்க்க ஆசையா? அமிலம் விடாத மோர் உப்புக் கரைசலை எடுங்கள். சல்ஃபூரிக் அமிலமே சல்ஃபேட் தரும்.

அயனிகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். இரண்டுமே தருவது 5 அயனிகள். என்னென்ன அயனிகள் என்பதுதான் கேள்வி.

பிற்சேர்க்கை: ஃபெர்ரோசயனைடிலும் வெள்ளையாகக் கலங்குகிறதே என்று கேட்டிருந்தார்கள். போர் தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். அதிலுள்ள மெக்னீசியம் காரத்தோடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவு தரும், கடலோரப் பக்கம் இது அதிகம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி அதில் கரையுங்கள்.