கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையத்துக்கு யூனிகாம் உரிமம் வாங்குவது எப்படி?

அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும் சிறு விமானத்தின் ரேடியோவுக்குத் தனி உரிமம் கேட்பதில்லை. அதனால் தரையிலிருந்து விமானியோடு பேசவும் உரிமம் வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வேண்டும். காற்று, ஓடுபாதை நிலவரம், எரிபொருள் பற்றி விமானிக்குச் சொல்லும் தரை ரேடியோ நிலையம்தான் யூனிகாம். கையடக்க ரேடியோவில் பேசினாலும் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) உரிமம் கட்டாயம்.

1. எஃப்.சி.சி.யின் யு.எல்.எஸ். என்ற இணைய உரிமத் தளத்தில் உங்கள் விமான நிலையத்தைத் தேடுங்கள். கோபுரம் இல்லாத இடத்தில் பொதுவாக ஒரே ஒரு யூனிகாம்தான். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தால் அவரோடு பகிர்ந்துகொள்ளப் பேசிப்பாருங்கள்.

2. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 10 நாளுக்குள் விமான நிலைய உரிமையாளருக்கும் அங்குள்ள விமானச் சேவை நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தத் தேதியை விண்ணப்பத்தில் உறுதிமொழியாகக் காட்ட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

3. அலைவரிசை. 122.700, 122.725, 122.800, 122.975, 123.000, 123.050, 123.075 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றில் ஒன்று. 122.950 முழுநேரக் கோபுரம் உள்ள விமான நிலையங்களுக்கு. பழக்கமான எண் என்று 122.800-ஐ எழுதிவிடாதீர்கள். 3,000 அடி உயரத்தில் பறப்பவரின் ரேடியோ எல்லை சுமார் 67 கடல் மைல். அதற்குள் அதே அலைவரிசையில் எத்தனை ஓடுதளங்கள் என்று எண்ணுங்கள். இது ஏ.எம். ஒலிபரப்பு. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும்.

4. எஃப்.ஆர்.என். என்ற எஃப்.சி.சி. பதிவு எண் பெற்று, படிவம் 601-ஐ யு.எல்.எஸ். வழியே நிரப்புங்கள். சேவைக் குறியீடு ஏ.எஃப். (AF), உமிழ்வு வகை 6கே00ஏ3இ (6K00A3E, அதாவது ஏ.எம். குரல்), திறன் 10 வாட்டுக்குள். ஆன்டெனாவின் இடத்தைப் பாகை, நிமிடம், விநாடியில் கொடுங்கள்; கைபேசி காட்டும் தசம எண்ணை மாற்றாமல் போட்டால் நிலையம் வேறெங்கோ போய் நிற்கும்.

5. கருவி விமான அலைவரிசைக்குச் சான்று பெற்றதாக இருக்கட்டும். மலிவான எஃப்.எம். வாக்கிடாக்கி உதவாது. ஆன்டெனா செங்குத்தாக, அலைநீளத்தில் கால் பங்கான சுமார் 58 செ.மீ. கம்பி போதும். கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்: 30 மீட்டர் ஆர்.ஜி.-58 போட்டால் 10 வாட்டில் ஏறக்குறைய 3 வாட்தான் மேலே போய்ச் சேரும். எல்.எம்.ஆர்.-400 என்றால் 7 வாட்டுக்கு மேல் கிடைக்கும்.

உரிமம் 10 ஆண்டு செல்லும். ஆனால் கிடைத்த ஓராண்டுக்குள் நிலையத்தை இயக்கத் தொடங்கி, அதை யு.எல்.எஸ்.சில் தெரிவிக்க வேண்டும். மைக்கைப் பிடித்தபின் "இறங்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கோபுரத்தின் வேலை. யூனிகாம் தகவல்தான் தரலாம்.